கண்ணாடி ஏற்றிய நாட்கள்

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெருவில் நின்ற டெம்போவின் வைப்பர்கள் ஆடிக்கொண்டிருந்தன. எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. ஜெரால்டின் அடுப்பைத் தணித்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். எட்மண்ட் ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வண்டிய ஆஃப் பண்ணாமலா வந்தீய?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி அவரிடம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பண்ணினேனே," என்றார். பிறகு சட்டைப் பையைத் தடவினார், பேண்ட் பையைத் தடவினார். சாவி இல்லை. கண்கள் சிவந்து, இமைகள் கனத்துக் கிடந்தன.

ஜெரால்டின் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். புனேயில் கட்கி பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்து மழைக்காலத்தில் பாதி ஓடையாகிவிடும். கதவைத் திறந்து ஏறிச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு அடங்கியது. வைப்பர்கள் பாதி வழியில் நின்றன. அவள் உடனே இறங்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். டீசல், நனைந்த சாக்கு, பழைய சீட்டின் பஞ்சு. சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். ஜாக்கி, கயிறு, எண்ணெய்த் துணி. முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தாள். ஒரு சோம்புப் பாக்கெட், பாதி காலியாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோம்பு மெல்லுகிற பழக்கம் அவருக்கு ஒரு காலத்தில்தான் இருந்தது.

அந்தக் காலம் முடிந்து எட்டு வருஷம் ஆகிறது. அப்போது எட்மண்ட் ஒரு கம்பெனிக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே சோம்பை வாயில் போட்டுக்கொண்டு வருவார். மகள் அலினாவின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நாளில் அவளைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் விழுந்து கிடந்தார். மற்றப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. சத்தியம் எதுவும் செய்யவில்லை, சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொல்லவில்லை, நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். கம்பெனி வேலை அதற்குள் போயிருந்தது. யாரோ பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டித் தேய்த்த இந்த டெம்போவை வாங்கி, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கத் தொடங்கினார். பாணேரிலும் ஹிஞ்சேவாடியிலும் ஐ.டி. வேலைக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிழைப்பு நடந்தது.

ஜெரால்டின் சோம்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். வீட்டுக்குள் வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அலினா கூப்பிட்டாள். ஜெரால்டின் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பள்ளியில் சின்ன வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் டிஃபன் சாப்பிடும் நேரம் பார்த்து மகள் பேசுவாள்.

"மம்மி, உண்மைய சொல்லு. டாடி மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டாரா?"

"என்னத்த?"

"உனக்குத் தெரியும் மம்மி. நேத்து எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டிக்கு ஷிஃப்டிங் வந்தாரு. கேட் பில்லர்ல வண்டி உரசிருச்சு. அங்கயே இறங்கி நிக்கறாரு, என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரியல. வாட்ச்மேன் எல்லார்கிட்டயும் சொல்றான், டிரைவர் பிலேலா ஹோதான்னு."

குடித்திருந்தான் என்று. ஜெரால்டினுக்கு மராத்தியில் அந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"அது என் டாடின்னு நான் சொல்லல மம்மி. எப்டி சொல்றது?" என்றாள். பிறகு குரல் உடைந்து, "வண்டிய வித்துடச் சொல்லு. யாராவது அடியில வந்தா என்ன ஆவும்?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஜெரால்டின் கணவரைக் கவனித்தாள். தண்ணீர் கொடுக்கும்போது குனிந்து முகர்ந்தாள். சட்டையைத் துவைக்கப் போடும்போது காலரை மூக்கில் வைத்துப் பார்த்தாள். டீசல் நாற்றம் தவிர ஒன்றுமில்லை, ஆனால் டீசல் நாற்றம் வேறு எதையும் மறைத்துவிடும் என்றும் தோன்றியது. ஒன்றை மட்டும் கண்டுபிடித்தாள். வெயில் அடித்த நாட்களில் அவர் சரியாகத்தான் வந்தார். சிரித்துப் பேசினார், ரெண்டு சப்பாத்தி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழை கொட்டுகிற நாட்களில்தான் அந்தக் கண்களும் அந்தக் குழறலும். மழைக்கு ஆண்களுக்குக் குடிக்க ஆசை வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முன்பும் அப்படித்தான் இருந்தது. காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவர் தனக்குள் ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது. தண்ணீர் சத்தத்தில் வார்த்தைகள் முழுதாகப் பிடிபடவில்லை. தாப்போடி, காஸர்வாடி என்று ஏதோ.

சனிக்கிழமை காலை அவர் சாவியை எடுத்தபோது, "இன்னைக்கு லீவுதான். நானும் வாரேன்," என்றாள்.

"எதுக்கு ஜெரி?"

"சும்மாதான். பாணேர் லோடுன்னு சொன்னீயள்ல. ஊர் பாத்த மாதிரி இருக்கும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவளும் பார்த்தாள். அவர் வெளியே போய், பக்கத்து சீட்டை ஒரு பழைய துண்டால் இரண்டு முறை துடைத்து, மேலே ஒரு போர்வையை மடித்துப் போட்டார்.

பாணேரிலிருந்து ஹிஞ்சேவாடிக்கு மாறும் ஒரு இளம் தம்பதியின் சாமான்கள். கட்டில், ஃபிரிட்ஜ், புத்தகப் பெட்டிகள், ஒரு ட்ரெட்மில். ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேரும் வேலை முடிந்ததும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்கில் முன்னால் போய்விட்டார்கள். அதுவரை எட்மண்டிடம் எந்தக் குறையும் இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டும்போது அவர் கைகள் உறுதியாக இருந்தன. தார்ப்பாயின் மூலைகளை மடித்துச் சொருகிய விதத்தைப் பார்த்து, இவர் குடிக்கிறவர் இல்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வண்டி கிளம்பும்போது மழை வலுத்தது. இருவரும் ஜன்னல் கண்ணாடிகளை மேலே ஏற்றினார்கள்.

வாகட் பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நின்றுவிட்டன. ஹிஞ்சேவாடி போகும் சாலையில் சனிக்கிழமையும் அப்படித்தான். முன்னால் ஒரு கம்பெனிக் கேப், அதற்கு முன்னால் தண்ணீர் டேங்கர், அதற்கப்பால் மழை. எஞ்சின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் எஞ்சின் பாதி கேபினுக்குள் இருக்கும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இரும்பு மூடி, அதன் மேல் ரெக்சின் விரிப்பு. ஜெரால்டினின் முழங்கால் அதில் பட்டுச் சுட்டது. குளிருக்கு இதமாக இருந்ததால் அவள் காலை எடுக்கவில்லை.

முதலில் பொட்டில் ஒரு துடிப்பு வந்தது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தாள். பிறகு தூக்கம் கலந்த ஒரு கனம் தோளில் இறங்கியது. பக்கத்தில் எட்மண்ட் பெட்டியைத் திறந்து சோம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் பார்ப்பதைக் கண்டு, "குமட்டுது. இது மென்னா கொஞ்சம் அடங்கும்," என்றார். அவள் பதில் சொல்ல நினைத்தாள். என்ன சொல்ல நினைத்தோம் என்பது நழுவிவிட்டது. மனதைத் திரட்டிக்கொள்ள பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினாள். பேசப் பழகிய நாளிலிருந்து சொல்லிவரும் ஜெபம். பாதியில் நின்றது. அடுத்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடி நின்றது.

"ஏங்க," என்றாள். நாக்கு தடித்திருந்தது. "எனக்கு வாந்தி வருது."

கதவைத் திறந்து இறங்கியவள் சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எட்மண்ட் வண்டியைக் கைபிரேக்கில் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் நெற்றியைப் பிடித்தார். பின்னால் ஹார்ன்கள் அலறின. மழை அவர்கள் இருவர் மேலும் பெய்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள் காற்று போயிற்று. குளிர்ந்த, ஈரமான, தார் வாசம் அடிக்கிற காற்று. மூடிய கண்ணுக்குள் நின்றுபோயிருந்த ஜெபத்தின் அடுத்த வார்த்தை தானாக வந்து உட்கார்ந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். கணவரின் முகம் பக்கத்தில் இருந்தது. சிவந்த கண்கள், கனத்த இமைகள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதே கண்கள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "நான் குடிக்கலியே."

அவருக்குப் புரியவில்லை. "தெரியும் ஜெரி. நீ ஏன் குடிக்கப் போற?"

"நான் குடிக்கல. ஆனா எனக்கும் ஒங்கள மாதிரியே இருக்கு."

அவர் கை அவள் நெற்றியிலிருந்து இறங்கியது. திரும்பி வண்டியைப் பார்த்தார். அது கதவு திறந்து, அமைதியாக நடுங்கிக்கொண்டு நின்றது.

சாமான்களை இறக்கிவிட்டு இரண்டு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவைத்துக்கொண்டு பிம்ப்ரிக்கு ஓட்டினார். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வைஜயந்தியின் பட்டறை இருந்தது. சைலன்ஸர் வேலைக்கும் வெல்டிங்குக்கும் அந்தப் பக்கத்து டெம்போக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். நாற்பதைத் தாண்டியவள், சுடிதாருக்கு மேல் ஆண்களின் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். கோடையில் எட்மண்டின் சைலன்ஸரில் ஓட்டை அடைத்ததும் அவள்தான். எஞ்சின் புகை கேபினுக்குள் கசிகிறதோ என்று கேட்டதும் முகம் சுருங்கியது.

"என் வெல்டிங் விடாது பாவு," என்றாள் இந்தியில். அண்ணன் என்பதற்கு அவள் எல்லாருக்கும் வைத்திருக்கும் மராத்தி வார்த்தை அது. "வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்."

எஞ்சின் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு வேறொரு வேலையை முடித்தாள். பிறகு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பின்னால் புகை வரும் குழாயில் கம்ப்ரஸர் காற்றை ஏற்றி, துணியால் அடைத்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினாள். எங்காவது காற்று கசிந்தால் நுரை குமிழியிட வேண்டும். எட்மண்ட் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார். ஜெரால்டினும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். சைலன்ஸரில் குமிழி இல்லை. நடுக் குழாயில் இல்லை. மேலே எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டிலும், மேனிஃபோல்டு என்பார்கள், இல்லை.

வைஜயந்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாம் சரியாக இருக்கிறது. பழக்கம் இல்லாதவர்களுக்கு டீசல் வாசத்தில் வாந்தி வரும் தாயி. மழைவேறு." மராத்தியில் அக்கா என்று பொருள்படும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஜெரால்டினுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

அவள் எட்மண்டைப் பார்த்தாள். அவர் முகம் ஒரேயடியாக வெளுத்திருந்தது. குடிகாரன் என்று சந்தேகப்படுவார்களே என்கிற பயமாக அது தெரியவில்லை. வேறு ஏதோ. வண்டியின் கதவுப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்தியா? இன்னொரு தடவை பாரேன்," என்று வைஜயந்தியிடம் தமிழில் சொன்னார். தமிழில் சொல்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் இந்தியில் திருப்பிச் சொன்னார்.

வாகட் பாலத்தில் எதுவும் உடனே வரவில்லை என்பது ஜெரால்டினுக்கு நினைவு வந்தது. நெடுநேரம் நின்ற பிறகுதான் வந்தது. முழங்காலில் அந்த மூடி சுட்ட பிறகுதான். தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இந்தியில், வண்டியை ஓடவிட்டு நன்றாகச் சூடு ஏறின பிறகு பார்க்கலாமா என்று கேட்டாள். வைஜயந்தி தோளைக் குலுக்கினாள். ஆனால் யோசித்தாள். "சூட்டில் இரும்பு விரியும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

எஞ்சினை ஓடவிட்டார்கள். டீ வரவழைத்துக் குடித்து முடிக்கிற வரை ஓடியது. பிறகு சீட்டுகளுக்கு நடுவில் இருந்த மூடியை எட்மண்ட் கழற்றி எடுத்தார். வெப்பம் முகத்தில் அறைந்தது. மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டை பாதிக்குமேல் உதிர்ந்துபோயிருப்பதை அப்போதுதான் மூன்று பேரும் பார்த்தார்கள். சுட்ட எஞ்சினில் நுரை நிற்காது, தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். வைஜயந்தி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை உருவிக்கொண்டு வந்தாள்.

புகை நூல்போல நேராக மேலே போனது. அவள் கையை மெல்ல நகர்த்தினாள். மேல் பக்கம், இணைப்பு, போல்ட் வரிசை. நூல் அசையவில்லை. மேனிஃபோல்டுக்கு அடிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கையைக் கொண்டுபோனபோது நூல் அறுந்தது. அறுந்து, துடித்து, எஞ்சின் அடிக்கிற அதே கணக்கில் பஃப், பஃப் என்று பக்கவாட்டில் சிதறியது. வைஜயந்தி உடைந்த பைக் கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்து உள்ளே நீட்டினாள். டார்ச் அடித்தாள். கண்ணாடிக்குள் இரும்பின் அடிவயிறு தெரிந்தது. அதில் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு, இரண்டு விரல் நீளம், சுற்றிலும் கரி படிந்து.

"ஆறினால் மூடிக்கொள்கிறது. சூடானால் திறந்துகொள்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்தப் புகை உள்ளேயே நின்று ஆளைக் கிறக்கும்," என்றாள். பிறகு எட்மண்டைப் பார்த்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் பாவு. கோடையிலேயே நான் மேலே பார்த்திருக்க வேண்டும்," என்றாள்.

எட்மண்ட் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேபின் தரையில் முட்டிபோட்டு, அந்தக் கண்ணாடியைத் தன் கையில் வாங்கி, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதானா?" என்றார். "இது மட்டும்தானா?"

வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்காது, வேறொன்றுதான் மாற்ற வேண்டும் என்றாள் வைஜயந்தி. தெரிந்த பங்கார் கடையில், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில், இதே மாடல் கிடைக்கும். அவளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். எஞ்சின் மறுபடி ஆற வேண்டும். எட்மண்டும் ஜெரால்டினும் தகரக் கூரைக்கு அடியில் ஒரு பழைய பேருந்து சீட்டில் உட்கார்ந்தார்கள். கூரையிலிருந்து தண்ணீர் திரையாக விழுந்தது.

அவர் அந்தத் திரையைப் பார்த்தபடியே பேசினார். "எங்கப்பா கடைசில எப்டி இருந்தாரு, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. கல்யாணமாகி நாசரேத்திலிருந்து அவள் வந்தபோது மாமனார் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். சில வருஷங்களில் மருமகளின் பெயர் தெரியாமல் போனது, அப்புறம் மகன் பெயர், அப்புறம் சோற்றை என்ன செய்வது என்பது.

"வாந்தி, தலைவலி, அதெல்லாம் பரவால்ல ஜெரி. பேச்சு வர மாட்டேங்குது. வழி மறந்து போவுது. ஒருநா ஔந்துலேருந்து வீட்டுக்கு வரத் தெரியாம ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். சரி, அப்பாவோடது நமக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன். டெய்லி காலைல ஸ்டேஷன் பேரு சொல்லிப் பாப்பேன். புனே, சிவாஜிநகர், கட்கி, தாப்போடி, காஸர்வாடி, பிம்ப்ரி... லோனாவ்லா வரைக்கும். காலைல எல்லாம் வந்துரும். சாயங்காலம் சொன்னா ஆகுர்டிக்கு மேல ஒண்ணும் வராது."

ஜெரால்டின் தன் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தான் காதைத் தீட்டிக் கேட்டது நினைவுக்கு வந்தது. "எங்கிட்ட சொல்லலாம்ல," என்றாள்.

"நீ எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

அவள் நிமிர்ந்தாள். அவர் குரலில் கோபம் இல்லை. "நீ முகர்ந்து பாக்கிறது எனக்குத் தெரியாதா? சீட்டுக்கு அடியில ஜாக்கி இடம் மாறி இருந்திச்சு. பாத்தேன். ஒரு தடவை கேட்டிருக்கலாம் ஜெரி, குடிச்சியளான்னு."

"கேட்டா இல்லம்பீய."

"ஆமா. இல்லன்னுதான் சொல்லுவேன்."

"சொன்னா நான் நம்பணும்ல," என்றாள். "நம்ப முடியாமப் போயிட்டா என்ன செய்யதுன்னுதான் கேக்கல."

மழைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. எட்மண்ட் தலையை ஆட்டினார். சம்மதிக்கிறாரா, கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறாரா, தெரியவில்லை. சற்று நேரத்தில் அவர் கை சீட்டின் மேல் நகர்ந்து வந்து அவள் கைக்குப் பக்கத்தில் நின்றது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்கெல்லாம் கரி.

வைஜயந்தி வந்தபிறகு வேலை நிதானமாகத்தான் நடந்தது. துருப்பிடித்த போல்ட்களில் ஒன்று பாதியில் உடைந்தது, அதைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருந்தது. எட்மண்ட் டார்ச் பிடித்தார், பிறகு ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டார். கழற்றிய பழைய மேனிஃபோல்டு ஆறிப்போய்த் தரையில் கிடந்தபோது அதில் விரிசல் இருக்கும் இடமே தெரியவில்லை. ஜெரால்டின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கெட் வைத்து, பங்கார் கடைத் துண்டைப் பொருத்தி, மூடியின் ஓரத்தில் புதிய ரப்பர் பட்டை ஒட்டி முடித்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

வைஜயந்தி எஞ்சினை மறுபடி சூடாக்கி, இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்தி எல்லா இடத்திலும் காட்டினாள். நூல் எங்கேயும் அறுபடவில்லை. ஆனாலும் எட்மண்டுக்குப் போதவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார்.

"நானும்," என்றாள் ஜெரால்டின்.

"நீ வேணாம். மத்தியானம்தான் வாந்தி எடுத்த."

"எனக்குத்தான் சீக்கிரம் தெரியும். ஒங்களுக்குப் பழகிப்போச்சு."

சந்து முனையில், மெட்ரோ பாலத்துக்குக் கீழே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, இருவரும் கண்ணாடிகளை ஏற்றினார்கள். வைஜயந்தி குடையோடு வெளியே நின்றாள். ஏதாவது தோன்றினால் கதவைத் திறந்துவிடுங்கள் என்று சைகை காட்டினாள். வாகட் பாலத்தில் நின்ற மாதிரியே நின்றார்கள். கண்ணாடியில் மழை வழிந்தது. முழங்காலில் மூடி சுட்டது.

"தலை வலிக்கா?" என்றாள்.

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அவர் உதடு அசைந்தது. ஆகுர்டி, தேஹுரோடு, பேக்டேவாடி, கோராவாடி, தளேகாவ். அங்கே நிறுத்தினார். மறந்து நிறுத்தவில்லை.

"அலினாட்ட இப்பவே சொல்லிருதேன்," என்றாள் ஜெரால்டின் ஃபோனை எடுத்தபடி. "பிள்ள எவ்வளவு அழுதா தெரியுமா?"

"இரு."

அவர் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். "அந்தப் பில்லர்ல இடிச்ச அன்னிக்கு, அவ சொசைட்டில. நான் எறங்கி நிக்கறேன், வாட்ச்மேன் கத்தறான். அலினா லாபில நின்னா. என்னப் பாத்தா. அப்புறம் லிஃப்டுக்குள்ள போயிட்டா." அவர் திரும்பவில்லை. "இத்தன நாளா அது நெஜம்தானா, மூளை கெட்டுப்போய்த் தோணுச்சான்னு தெரியாம இருந்தேன் ஜெரி. தோணினதுதான்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். இப்ப வண்டிதான் கெட்டிருந்துச்சுன்னு ஆயிருச்சு."

மகள் சொன்னது ஜெரால்டினுக்குத் தெரியும். தெரியும் என்பது தன் முகத்தில் தெரிந்துவிடக்கூடாது என்று வெளியே பார்த்தாள். பார்த்ததிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பயந்துட்டா," என்றாள் கடைசியில். "அந்த ஸ்கூல் வாசல்ல பயந்தாள்ல. அதே பயம்தான்."

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எட்மண்ட் கரி படிந்த கையை பேண்டில் இருபுறமும் துடைத்துவிட்டு, அவளிடம் நீட்டினார். ஃபோனுக்காக. அவளே எண்ணை அழுத்திக் கொடுத்தாள். மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. மூன்றாவது மணியில் மகளின் குரல், "மம்மி?" என்றது.

அதே நேரத்தில் தலைக்கு மேல் மெட்ரோ வந்தது. பாலம் அதிர்ந்து, அந்தச் சத்தம் கண்ணாடிகளைத் தாண்டி உள்ளே நிறைந்தது. எட்மண்ட் ஒரு காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஃபோனுக்குள் பேசிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைவதுதான் ஜெரால்டினுக்குத் தெரிந்தது. வெளியே வைஜயந்தி குடையைச் சாய்த்து, சரியா என்று கையால் கேட்டாள். ஜெரால்டின் அவளுக்குப் பதில் காட்டாமல் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போகும் ரயிலின் ஒளி பெட்டி பெட்டியாக நனைந்த சாலையில் விழுந்து, டெம்போவின் முகப்பில் ஏறி, அவர் முகத்தின் மேல் ஓடி, இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.